கையால் கட்டிய வால்வு கிதார் ஆம்ப்: டோனையும் ஆயுளையும் உண்மையில் எது தீர்மானிக்கிறது?

ஆறுதந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாகக் கிதார் வாசித்து வருகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 20 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் சென்ற மாதம் இரண்டாவது முறையாக நின்றுபோனது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, பவர் வால்வின் சாக்கெட் நேராக அச்சுப் பலகையின் (பிசிபியின்) மீதே பற்றவைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதைச் சுற்றிப் பலகை காப்பிப்பொடி நிறத்துக்குக் கருகியிருந்தது. செம்புத் தடம் ஒன்று பிய்ந்த நகம் போல மேலெழுந்து நின்றது. பழுது பார்த்தவர், அந்த இடத்தில் இனி ஈயம் பிடிக்காது என்று சொல்லி, ஒரு கம்பியைக் குறுக்கே இழுத்துக் கட்டிக் கொடுத்தார். ஆம்ப் இப்போது பாடுகிறது. ஆனால் அதை நம்பி மேடைக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

ஆகவே, ஃபெண்டர் நிறுவனம் 1955 முதல் 1960 வரை செய்த 5இ3 டீலக்ஸ் சுற்றை ஒட்டி, கையால் கட்டிய ஆம்ப் ஒன்றைச் செய்துகொள்ளவோ செய்வித்துக்கொள்ளவோ விரும்புகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிகுகிறது. துணி சுற்றிய கம்பி, பழைய பாணி கார்பன் ரெசிஸ்டர், குறிப்பிட்ட நிறக் கண்டன்சர் ஆகியவற்றுக்குத் தனி விலை சொல்கிறார்கள். இவற்றில் காதுக்குக் கேட்பது எது, ஆண்டுக்கணக்கில் உழைப்பது எது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையரேடியோ எழுதியது:

தம்பி, நான் கிதார் வாசிப்பவன் அல்லன். வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்துப் பிழைப்பைத் தொடங்கியவன். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வு செய்துகொண்டிருந்த காலத்தில் அந்தச் சிறிய அட்டைப்பெட்டிகள் என் மேசை இழுப்பறையில் நிறைந்திருக்கும். பிற்காலத்தில் இசைக்குழுக்காரர்கள் கிதார் ஆம்ப்களைக் கொண்டுவரத் தொடங்கியபோது, உள்ளே எனக்குப் பழக்கமான பொருள்களே இருந்தன. சூடும் அதிர்வும் மட்டும்தான் ரேடியோவில் கண்டதைவிடப் பல மடங்கு அதிகம்.

நீங்கள் பார்த்த கருகலுக்குக் காரணத்தைக் கணக்கிலேயே காட்டலாம். ஒரு 6வி6 வால்வின் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 0.45 ஆம்பியர் எடுக்கிறது. அது ஏறத்தாழ 2.8 வாட். வால்வுக்குள் மின்னோட்டம் பாயும் பிளேட் என்ற தகட்டில் இன்னும் 12 வாட் அளவுக்குச் சூடு எழுகிறது. இப்படி இரண்டு வால்வுகள். அவற்றோடு, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும், ஹீட்டருக்கு மட்டும் 10 வாட் எடுக்கும் 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வு. ஒலி பெருக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே 40 வாட் சூடு ஒரு மரப்பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. அத்துடன், ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் உள்ள காம்போ வகைகளில் சாசி (சுற்றைத் தாங்கும் உலோகச் சட்டம்) மேலே தொங்க, வால்வுகள் தலைகீழாக இருப்பதால், எழும் சூடெல்லாம் சாக்கெட்டையும் சுற்றையும் நோக்கியே போகும். அந்த இடத்தில் மெல்லிய செம்புத் தடம் சாக்கெட்டைத் தாங்கி நின்றால், வால்வு சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும், வால்வைப் பிடுங்கிச் சொருகும் ஒவ்வொரு முறையும், இழுப்பு முழுவதும் அந்தத் தடத்தின் மேல்தான் விழும். சாக்கெட்டைச் சாசியின் தகட்டில் திருகாணியால் இறுக்கி, அதிலிருந்து கம்பிகளைச் சுற்றுக்குக் கொண்டுபோனால், சூட்டைத் தகடு வாங்கிக்கொள்ளும். இழுப்பைத் திருகாணி தாங்கும். கம்பி சிறிது வளைந்து கொடுக்கும். கைவேலை ஆம்ப் நீடித்து உழைப்பதற்கு முதல் காரணமாக நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, பற்றவைப்பு. கம்பியின் நுனியைச் சாக்கெட்டின் காதில் (துளையுள்ள உலோக முனையில்) நுழைத்து, வளைத்து, இறுக்கிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். ஈயம் இல்லாமலேயே அந்த இணைப்பு ஆடாமல் நிற்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வற்புறுத்துவார். 63க்கு 37 கலவை ஈயம் (வெள்ளீயம் 63, ஈயம் 37) 183 டிகிரி செல்சியஸில் உருகி அதே சூட்டில் உறைந்துவிடுவதால், ஆறும்போது கை அசைந்து டிரை சால்டர் (பிடிப்பில்லாத இணைப்பு) ஆகும் ஆபத்து குறைவு.

ஒலிக்கும் கம்பியின் இடத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். ஒருவர் தாமே கட்டிய ஆம்பைக் கொண்டுவந்தார். வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால் ஒலி மங்கி, பிசுபிசுப்பாகி, பவர் வால்வு அளவுக்கு மீறிச் சூடானது. எல்லாப் பாகங்களின் அளவும் சரியாகவே இருந்தன. ஆம்பை ஓடவிட்டு, நீளமான உலர்ந்த மூங்கில் குச்சியால் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். வால்யூம் கன்ட்ரோலிலிருந்து வால்வின் உள்ளீட்டு முனையான கிரிடுக்குப் போகும் கம்பி, அடுத்த கட்டத்தின் பிளேட் கம்பியோடு ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. அதைக் குச்சியால் விலக்கிச் சாசியோடு ஒட்டிய அந்த நொடியில் மணி அடித்தது போலக் குரல் திறந்துகொண்டது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே ஊளையிட்டு, வால்வின் வலிமையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அந்த வால்வு விரைவில் செத்திருக்கும். டோனைக் கெடுத்த அதே கம்பிதான் ஆயுளையும் குறைத்துக்கொண்டிருந்தது.

சாசிக்குள்ளே எழுதியது:

பெரியவர் சொன்ன இறுதி வரி என் அனுபவத்தோடு முழுவதும் ஒத்துப்போகிறது. ஓய்வு நேரத்தில் இதுவரை ஒன்பது ஆம்ப்கள் கட்டியிருக்கிறேன்; அவற்றில் நான்கு 5இ3 வகை. எனவே ஆறுதந்தி கேட்ட சுற்றைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

5இ3யில் முதல் வால்வு 12ஏஒய்7, இரண்டாவது 12ஏஎக்ஸ்7, பவருக்கு இரண்டு 6வி6, ரெக்டிஃபையராக 5ஒய்3. நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தி ஒலியை அடக்கும் ஏற்பாடு) கிடையாது. இரண்டு 6வி6களின் கேத்தோடும் (எலெக்ட்ரான்கள் புறப்படும் முனை) ஒரே 250 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரை இணைப்புக்குப் போகின்றன. இதனால், கிதாரை மென்மையாகத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி அடித்தால் படிப்படியாகக் கரகரத்தும் பாடும். 5ஒய்3யின் உள் தடை அதிகம் என்பதால், ஓங்கி அடிக்கும்போது உயர் மின்னழுத்தம் சற்றே தாழ்ந்து மீள்கிறது; ஒலியின் தொடக்கம் அமுங்கிப் பின்பு மலரும் அந்த உணர்வை விரல்களே அறியும். டயோடு போட்டால் இது போய்விடும். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் முதல் ஃபில்டர் கண்டன்சரைப் பெரிதாக்கினால் இது குறைவதோடு ரெக்டிஃபையர் வால்வுக்கும் சுமை கூடும் என்பதால், மூல அளவான 16 மைக்ரோஃபாரட்டை ஒட்டியே வைப்பது என் வழக்கம்.

டோனைத் தீர்மானிப்பவற்றில் சுற்றுக்கு அடுத்தபடியாக நான் வைப்பது ஸ்பீக்கரையும், பவர் வால்வுகளை அதோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும்தான். இதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1962இல் லண்டனின் ஹேன்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் நடத்திய கடையில், கென் பிரானும் டட்லி கிரேவனும் உடனிருக்க உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சுற்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றியது. ஆயினும் இரண்டையும் அருகருகே கேட்டால் வேறு வேறு குடும்பம் என்றே தோன்றும். ஃபெண்டரில் முதல் வால்வு 12ஏஒய்7, அதன் பெருக்கக் காரணி 44. மார்ஷலில் அந்த இடத்தில் 100 காரணியுள்ள ஈசிசி83 (12ஏஎக்ஸ்7இன் ஐரோப்பியப் பெயர்). டிரான்ஸ்பார்மர்கள் இங்கிலாந்தில் கிடைத்தவை. ஃபெண்டரில் பின்புறம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் நான்கு. மார்ஷலில் பின்புறம் அடைத்த பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன்கள் நான்கு. கம்பி துணி சுற்றியதா, பிளாஸ்டிக் உறையிட்டதா என்பது இந்த மாற்றங்களுக்கு முன்னால் ஒரு பொருட்டே அல்ல. துணிக் கம்பியை நானும் பயன்படுத்துகிறேன். உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பற்றவைத்துவிட்டு மீண்டும் முன்னுக்கு இழுத்துவிடலாம், சூட்டில் உருகாது என்ற வசதிக்காகத்தான்.

கார்பன் ரெசிஸ்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய கார்பன் கலவை ரெசிஸ்டரின் தடை, அதன் மேல் விழும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மிகச் சிறிதளவு மாறும். அதனால் ஒரு மென்மையான வளைவு ஒலியில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அது நடக்க, பெரிய நேர்மின்னழுத்தமும் பெரிய சிக்னல் அலைவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரு பவர் வால்வுகளுக்கும் எதிரெதிர் சிக்னல் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டரின் பிளேட் ரெசிஸ்டரில் அப்படி இருக்கும். உள்ளீட்டில் உள்ள 68 கிலோ ஓம் ரெசிஸ்டரில் இருக்காது. முதல் கட்டத்தின் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டராக அதைப் போட்டால் கிடைப்பது பெரும்பாலும் உஸ் என்ற இரைச்சல்தான். ஈரத்தாலும் சூட்டாலும் அதன் தடை ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டும் இருக்கும். எனவே அங்கெல்லாம் ஒரு வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரைத் தயங்காமல் போடுங்கள்.

மூல வரைபடத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் தவறவிடும் ஓர் இடத்தையும் காட்ட விரும்புகிறேன். அந்த 250 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரின் மேல் ஏறத்தாழ 20 வோல்ட் நிற்கும். அதாவது 80 மில்லி ஆம்பியர், 1.6 வாட் சூடு. அதன் இணையாக வரும் 25 மைக்ரோஃபாரட் கண்டன்சருக்கு வரைபடம் சொல்லும் தாங்குதிறன் 25 வோல்ட் மட்டுமே. பலகையில் இரண்டும் தோளோடு தோள் உரசிக் கிடக்கும். விளிம்பில் நிற்கும் மின்னழுத்தமும் பக்கத்துச் சூடும் சேர்ந்து கண்டன்சரை உலர்த்திவிடும். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. நான் 50 வோல்ட், 105 டிகிரி வகையைப் போட்டு, ரெசிஸ்டரைப் பலகையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தி, இரண்டுக்கும் நடுவில் இடம் விட்டே வைக்கிறேன். அவ்வாறே, மூலச் சுற்றில் இல்லாத 470 ஓம் ஸ்கிரீன் (வால்வின் இரண்டாம் கிரிட்) ரெசிஸ்டரையும் 1.5 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரையும் ஒவ்வொரு 6வி6 சாக்கெட்டின் காதிலேயே நேரடியாக வைக்கிறேன். டோனில் எந்த இழப்பையும் நான் கேட்டதில்லை. வால்வுகள் நெடுநாள் நிற்கின்றன.

பலகையைப் பொறுத்தவரை, ஃபெண்டர் அக்காலத்தில் பயன்படுத்திய மெழுகு ஊட்டிய கறுப்பு நார்ப்பலகையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சி மெல்ல மின்சாரம் கடத்தத் தொடங்கும். மீட்டரின் முனையை வெறும் பலகையின் மேல் வைத்தாலே சில வோல்ட் காட்டும் பழைய ஆம்ப்கள் பல உண்டு. கண்ணாடி இழை எபாக்சிப் பலகையில் பித்தளை டரட்டுகளை (பற்றவைப்பதற்கான சிறு தூண்களை) அறைந்து கட்டினால் அந்தக் கவலை இல்லை.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஆலையில் இந்த ஆம்ப்களுக்குக் கம்பி கட்டியவர்களில் பலர் பெண்கள். அக்கால ஆம்ப்களின் சாசிக்குள் ஒரு துண்டு காகித நாடாவில் கட்டியவரின் முதற்பெயர் எழுதி ஒட்டியிருக்கும். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கைகளின் வேலை பாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, நான் கட்டும் ஒவ்வொரு இணைப்பையும் அவர்கள் பார்ப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே கட்டுகிறேன்.

ஆறுதந்தி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கேத்தோடு கண்டன்சரைப் பற்றி வேறெங்கும் நான் படித்ததில்லை. ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அமெரிக்காவில் கட்டிய ஆம்ப் ஒன்றை, 120 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரோடு சேர்த்து விற்பதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். அதை வாங்குவதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் ஆயுளில் வேறுபாடு இருக்குமா? என் வீட்டில் மின்சாரம் பெரும்பாலும் 245 வோல்ட் காட்டுகிறது.

அச்சுப்பலகை எழுதியது:

நான் அச்சுப் பலகை வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், முதலில் ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறுதந்தியின் ஆம்ப் கெட்டதற்குக் காரணம் அச்சுப் பலகை என்பதல்ல. சூடான சாக்கெட்டை அதன் மேல் ஏற்றிய முடிவே. மார்ஷல் நிறுவனம் 1973–74 வாக்கில் கைக்கம்பி வேலையை விட்டு அச்சுப் பலகைக்கு மாறியது; அன்று செய்த ஆம்ப்களில் பல இன்றும் மேடையில் இருக்கின்றன. ஏனென்றால், பவர் வால்வுகளின் சாக்கெட்டுகளும் டிரான்ஸ்பார்மர்களும் அப்போதும் சாசியில்தான் இறுக்கப்பட்டன. மறுபுறம், கையால் கட்டியதென்ற பெயரில் கம்பிகள் பறவைக்கூடு போலச் சுருண்டு, ஒரே காதில் ஐந்து முனைகள் ஈயத்தில் மூழ்கிக் கிடக்கும் ஆம்ப்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு கண்டன்சரை மாற்ற நான்கு பாகங்களைப் பிரிக்க வேண்டும். கைவேலைக்கு உயர்ந்த எடுத்துக்காட்டாக நான் கருதுவது, டேவ் ரீவ்ஸ் தொடங்கிய இங்கிலாந்தின் ஹைவாட் ஆம்ப்களை. அவற்றுக்குக் கம்பி கட்டிய ஹாரி ஜாய்ஸ் இராணுவ ஒப்பந்த வேலைகளில் பழகியவர். ஒவ்வொரு கம்பியும் செங்கோணத்தில் திரும்பி, கட்டுக்கட்டாகச் சேர்ந்து, எது எங்கே போகிறதென்று கண்ணாலேயே தொடரும்படி இருக்கும். கட்டித் தருபவரிடம் சாசியின் உட்புறப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளிப்பெட்டியின் படத்தைவிட அதுவே அதிகம் பேசும்.

இனி மின்சாரக் கேள்விக்கு வருகிறேன். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் சுற்றிய டிரான்ஸ்பார்மரை அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், இரும்பு மையத்தில் காந்தப்பாயம் 20 சதவீதம் உயரும். மையம் நிறைவுநிலையை எட்டிச் சூடாகும், உறுமும், சில சமயம் எரிந்தும்போகும். ஆகவே அந்த ஆம்பின் டிரான்ஸ்பார்மர் மேல் 50/60 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

புதிதாகக் கட்டுவதானால் 240 வோல்ட் முனையுள்ள டிரான்ஸ்பார்மரையே வாங்குங்கள். 230 வோல்ட்டுக்குச் சுற்றியதில் 245 கொடுத்தால் ஹீட்டரின் 6.3 வோல்ட் 6.7 ஆகும், அது பத்து சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறது. உயர் மின்னழுத்தம் 350 வோல்ட்டிலிருந்து 373 ஆக ஏறுவதுதான் கவலைக்குரியது. 5இ3யில் 6வி6கள் ஏற்கெனவே தங்கள் பிளேட் வரம்பான 12 வாட்டை உரசிக்கொண்டோ சற்றுத் தாண்டியோதான் ஓடுகின்றன. ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் ஜேஜே நிறுவனம் செய்யும் 6வி6 இந்தச் சுமையை நன்றாகவே தாங்குகிறது. பழைய கையிருப்பு வால்வுகளை அந்தச் சோதனைக்கு உட்படுத்த எனக்கு மனம் வராது.

பழையரேடியோ எழுதியது:

அச்சுப்பலகை ஐயா சொன்னதை ஏற்கிறேன்; நானும் சாக்கெட்டைத்தான் குற்றம் சொன்னேன்.

தம்பி நீங்களே கட்டுவதாயிருந்தால் சில செய்திகளைக் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். சுவர் இணைப்பிலிருந்து வரும் பச்சை எர்த் கம்பிக்குச் சாசியில் தனியாக ஒரு போல்ட் வேண்டும். டிரான்ஸ்பார்மரின் போல்ட்டைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. அந்தக் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது ஒயரை இழுத்துப் பிய்த்தாலும் கடைசியாக அறுவது எர்த் கம்பியாக இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிரை எடுக்கும் அளவு. முதல் கண்டன்சருக்கு இணையாக 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அப்படியும், மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்க்காமல் விரலை உள்ளே விடாதீர்கள்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓட்டுவதும் டிரான்ஸ்பார்மரைக் கொல்லும். சுமையில்லாத சுருளில் எழும் மின்னழுத்தம் காப்பைத் துளைத்துவிடும். சாக்கெட்டின் இரு காதுகளுக்கு நடுவே பொறி பாய்ந்து கரிக்கோடு விழுந்த சாக்கெட்டுகளை நான் பலமுறை மாற்றியிருக்கிறேன். ஃபெண்டர்காரர்கள் வைத்தது போல, பிளக் இல்லாதபோது தானே ஷார்ட் ஆகும் ஸ்பீக்கர் ஜாக்கை வாங்கிப் போடுங்கள்.

சாசியில் துளையிடும் முன் இன்னொன்றும் செய்யலாம். பவர் டிரான்ஸ்பார்மரின் மற்ற முனைகளையெல்லாம் தனித்தனியாக உறையிட்டு மூடி, அதற்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் முனைகளில் ஒரு ஹெட்போனை இணைத்துக் காதில் வைத்துக்கொண்டு, அதை மேசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஹம் சத்தம் எந்தக் கோணத்தில் அடங்குகிறதோ, அந்தக் கோணத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கேயே துளையிடுங்கள்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்காமல், நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்த சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். ரெக்டிஃபையர் வால்வைச் சொருகாமல் முதலில் ஹீட்டர்களை மட்டும் பாருங்கள். பிறகு அதையும் சொருகுங்கள். பல்பு பளிச்சென எரிந்து அடங்கி மங்கலாக நின்றால் நல்லது. அடங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிட்டு, உள்ளே எடுத்த படத்தையும் மீட்டரில் கண்ட அளவுகளையும் இங்கே பதியுங்கள். நாங்கள் மூவரும் பார்க்கிறோம்.